பலகை பிடித்த காகம்

டேக்வாண்டோ கூடத்தில் மூத்தவர்கள் உட்காரும் மேல்வரிசை முழுக்க வெள்ளைக் கொக்குகள். காகம் கருப்பு பெல்ட் வாங்கி வருஷம் பல ஆயிற்று. ஆனாலும் மற்றவர்கள் உதைத்து உடைக்கப் பலகை பிடிப்பதுதான் அதன் வேலை.

"மாஸ்டர், இந்தத் தேர்விலாவது எனக்கு மேல்வரிசையில இடம் உண்டா?" என்றது காகம்.

"நீ பிடிச்சாத்தான்டா பலகை ஆடாம நிக்குது. அடுத்த தடவை பார்ப்போம்," என்றது தலைமைக் கொக்கு.

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க." காகம் பலகையைக் கீழே வைத்துவிட்டுப் பறந்துபோனது.

தேர்வு நின்றது. "பலகை பிடிக்கிறது காக்கா வேலை," என்று கொக்குகள் ஒதுங்கிக்கொண்டன. வேறு வழியில்லாமல் தலைமைக் கொக்கே எழுந்துவந்து பிடித்தது. முதல் உதையிலேயே இறக்கை மரத்துப்போனது.

'இத்தனை உதையையும் வாங்கிக்கிட்டு ஒருநாளும் முனகலையே, பாவி.'

வாசலைப் பார்த்தது தலைமைக் கொக்கு. மேல்வரிசையில் அது எழுந்துவந்த இடம் காலியாகக் கிடந்தது. உட்காரத்தான் காகம் இல்லை.