மூன்று ‘உள்ளே வா’

தென்னம்பொந்தில் குடியிருந்த மைனா, தான் கட்டிய புதுப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தது மரங்கொத்தி. தாளம் தட்டிப் பார்க்காமல் எந்தப் பாட்டையும் அது விட்டதில்லை.

“காத்து வருது உள்ளே வா,
கீத்து ஆடுது உள்ளே வா,
பாத்துத் தத்தி உள்ளே வா.”

டொக் டொக்கென்று மரத்தில் தட்டி அளந்தது மரங்கொத்தி. “அடிக்கு நாலு சீர், சுத்தம். காத்து, கீத்து, பாத்துன்னு எதுகையும் பிரமாதம். ஆனா ‘உள்ளே வா’ எதுக்கு மூணு தடவை? ரெண்டை வெட்டிடு தங்கச்சி, கவிதை நிமிர்ந்து நிக்கும்.” அதன் தீர்ப்பை இதுவரை யாரும் மறுத்ததில்லை.

மைனா அண்ணாந்து பார்த்தது. மேலே ஆளுக்கொரு மட்டையில், பறக்கப் பழகாத மூன்று குஞ்சுகள் ஆடிக்கொண்டிருந்தன.

“வெட்டிடலாம் அண்ணே. எந்த ரெண்டு பிள்ளையை வெளியே விடட்டும்?”

அதற்குள் காற்று ஓங்கி அடித்தது. மைனா மறுபடியும் பாடியது. இரண்டு குஞ்சுகள் தத்தித் தத்திப் பொந்துக்குள் போயின. கடைக்குட்டி மட்டும் மட்டையைப் பிடித்தபடி அசையாமல் நின்றது.

மரங்கொத்திக்குத் தாளமெல்லாம் மறந்துபோனது.

“உள்ளே வா! உள்ளே வா! அட, உள்ளே வாடா! வாடா உள்ளே!”

அது கத்திய கத்தில் கடைக்குட்டி ஒரே தாவாகத் தாவிப் பொந்துக்குள் போய் விழுந்தது.