டார்கஸின் கல்லறை

"என் பொண்டாட்டியைத் தோண்டி எடுத்துக் குடுங்க. ஊருக்குக் கொண்டு போயிடறேன்!"

இடுகாட்டில் மண்டியிட்டு அழுதான் லெமுவேல். மனைவி டார்கஸைத் தேடி மிசௌரியிலிருந்து மொன்டானா மலைவரைக்கும் வந்தவன். கண்ணில் பட்டது ஒரு புது மண்மேடும், அவள் பேர் எழுதிய பலகையும்தான்.

"முடியாது தம்பி," என்றார் மேயர் ஹிரம். குரலில் ஈரமே இல்லை.

கோவேறு கழுதைமேல் பீன்ஸும் விஸ்கியும் ஏற்றி வந்து, தங்கம் தோண்டுகிறவர்களிடம் விற்றவர் ஹிரம். அப்புறம் மளிகைக்கடை, ஹோட்டல், சவப்பெட்டி வியாபாரம். இப்போது மேயர்.

"பொணத்துலயும் லாபம் பார்க்கற ஆளு. அவருக்கு எங்கே தெரியப்போகுது புருஷன் பொண்டாட்டி பாசம்?" என்று முணுமுணுத்தான் கொல்லன் ஜெப். கூடி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

லெமுவேல் மண்ணில் காதை வைத்தான். சட்டென்று முகம் வெளுத்தது.

"உள்ளே... உள்ளே ஏதோ அசையுது!"

யாரோ சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள்.

"புது மண்ணு. இறங்கினா சத்தம் வரத்தான் செய்யும்," என்றார் ஹிரம்.

லெமுவேல் கேட்கவில்லை. அங்கே சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியை எடுத்து வெட்ட ஆரம்பித்தான். முழங்கால் ஆழம் போவதற்குள் குபீரென்று நாற்றம் கிளம்பியது. பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். மண்வெட்டி சவப்பெட்டிப் பலகையில் 'டொக்'கென்று இடித்தது.

"திறக்கறதும் திறக்காததும் உன் இஷ்டம்," என்றார் ஹிரம், மெதுவாக. "அவ பெரியம்மையில போனவ."

மண்வெட்டி நழுவி விழுந்தது.

குழியை விட்டுத் தாவி ஏறினான் லெமுவேல். கையைக் கால்சட்டையில் தேய் தேய் என்று தேய்த்தான். அழுகை போன இடம் தெரியவில்லை.

"ஓடிப்போன நாயி! செத்தும் என்னைக் கொல்லப் பார்க்கறா!"

பேர்ப் பலகையை ஓர் உதை உதைத்துவிட்டு, மதியக் குதிரைவண்டியிலேயே ஊரை விட்டுப் போனான்.

ஜெப் மட்டும் விடவில்லை. "சாதாரணக் காய்ச்சல்னு சொன்னீங்களே! வியாபாரம் படுத்துடும்னு பெரியம்மையை மறைச்சீங்களா? தேர்தல் வரட்டும், ஒரு ஓட்டு விழாது உமக்கு!"

ஹிரம் மண்வெட்டியை எடுத்தார். ஒற்றை ஆளாகக் குழியை மூடிவிட்டு, ஹோட்டல் சமையலறைக்கு வந்தார். தரையிலிருந்த நிலவறைக் கதவைத் தூக்கினார்.

"போயிட்டான். மேல வாம்மா."

ஏறி வந்தாள் டார்கஸ். கழுத்தைச் சுற்றி அவன் நகம் பதிந்த தழும்பு இன்னும் மறையவில்லை.

"பெட்டியைத் திறந்திருந்தா?"

"கடையில கெட்டுப்போன பன்னிக்கறிதான் இருந்திருக்கும்," என்று சிரித்தார் ஹிரம்.

"என்னால உங்க பதவியே போகப்போகுதே ஐயா..."

ஹிரமின் மனைவி அபிகெயில் அவளை உட்காரவைத்து, கையில் சூடான காப்பியைக் கொடுத்தாள்.

"போனாப் போகட்டும், நீ குடி. வேலியோரமா ரூத்னு ஒரு பழைய கல்லறை இருக்கே, அது என்னோடதுதான். என் மொத புருஷன் இன்னும் அதுக்குப் பூ அனுப்பிக்கிட்டுதான் இருக்கான்."