ஜோதியம்மாளின் பற்கள்

வேங்கிக்கால் பல் ஆஸ்பத்திரியில், மஞ்சள் விளக்கின் கீழ் ஜோதியம்மாள் வாயைத் திறந்தபடி சாய்ந்து கிடக்கிறாள். கன்னங்களுக்குள் பஞ்சு. எச்சில் உறிஞ்சும் குழாய் களகளவென்று சத்தம் போடுகிறது. "தூக்கத்துல நறநறன்னு கடிச்சே பல்லு தேய்ஞ்சிருக்கு. அடைச்சு, மேல கேப் போட்டா காப்பாத்திடலாம்மா" என்கிறாள் டாக்டர் கவிநிலா. "எதுக்குங்க? மொத்தத்தையும் புடுங்கிட்டு செட்டு கட்டிடுங்க. நானாவது நிம்மதியா தூங்குவேன்" என்கிறார் பக்கத்தில் நிற்கும் கணவர் கண்ணாயிரம். ஜோதியம்மாள் பதறி எழப் பார்க்கிறாள். "ஆடாம படுடி" என்று நெற்றியைப் பிடித்து அழுத்துகிறார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே டாக்டர் கை கழுவத் திரும்புகிறாள். பஞ்சடைத்த வாயிலிருந்து முனகல்தான் வருகிறது. நெற்றியில் இருக்கும் கை அவள் தலையை மெல்ல மேலும் கீழும் அசைக்கிறது. "சரின்றா டாக்டர்" என்கிறார் கண்ணாயிரம், சிரித்தபடி.