பி பிளாக் டிரம்

டார்ச்சை டிரம்முக்குள் அடித்து இன்னொரு முறை பார்த்தான் பிரதீப். தண்ணீர் தெளிவாகக் கிடந்தது. ஒரு கொசுப்புழுகூட இல்லை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இதுலயும் இல்லையா சார்?" என்றாள் உதவியாளர் கோமளா.

"இல்லைக்கா. பி பிளாக்குல ஒரு வீட்டுலயும் இல்லை."

கொசு இல்லை என்று கண்கலங்கிய ஆள் டெல்லியிலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான். என்ன செய்வது, அவன் பிழைப்பு அப்படி. ஜங்புராவிலிருந்த குடிசைகளை இடித்துவிட்டு, நகர எல்லையில் நரேலா அடுக்கு வீடுகளில் கொண்டுவந்து போட்ட தமிழ்க் குடும்பங்களிடம்தான் அவனுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. கொசு எப்படி வளர்கிறது, தண்ணீரை எப்படி மூடி வைப்பது என்று ஏ பிளாக் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவான். பி பிளாக்கில் வாயே திறக்க மாட்டான். கடைசியில் இரண்டு பக்கத்துத் தண்ணீரையும் ஒப்பிட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் குடியிருப்பே மாறும் என்று நிரூபிக்க வேண்டும்.

ஏ பிளாக்கில் புழு ஒழிந்தது. பாடமே நடக்காத பி பிளாக்கிலும் ஒழிந்துபோனால் எதை எதோடு ஒப்பிடுவது?

போன் அடித்தது. வழிகாட்டிப் பேராசிரியர் ராஜசேகரன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டுதான் எடுத்தான். வகுப்பானாலும் சரி, போனானாலும் சரி, அதைச் செய்யாமல் அவனுக்கு வாய் திறக்காது. பி பிளாக் நிலவரத்தைச் சொன்னான்.

"யாரோ பாடத்தை அந்தப் பக்கம் கொண்டுபோயிருக்காங்கய்யா. வேற இடம் பாத்துத் தரேன். ஆனா கொண்டுபோன ஆள் யாருன்னு சாயங்காலத்துக்குள்ள பேர் வரணும். அந்த ஆள் நாளைக்கு வேலையில இருக்கக் கூடாது."

"கண்டுபிடிக்க முடியலைன்னா சார்?"

"மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்குக் கிளம்பு."

பிரதீப் கோமளாவைப் பார்த்தான். அவள் குடியிருப்பது பி பிளாக்கில். பாடப் படங்கள் இருக்கும் அலமாரிச் சாவி அவள் முந்தானையில். போன மழையில் அவள் மகன் டெங்குவில் சாகக் கிடந்து பிழைத்தான். முதல் நாளே கேட்டாளே, "எங்க புள்ளைங்க மட்டும் கொசுக்கடி படணுமா சார்?" என்று. ஆராய்ச்சி முடிந்ததும் அவர்களுக்கும் சொல்லித் தருவதாக அன்று மழுப்பினான். அந்தக் கேள்வி இன்றுவரை அவனைக் குடைந்துகொண்டிருந்தது.

படிக்கட்டில் இரண்டாம் மாடிச் சிறுமி உதயா குதித்து வந்தாள். அவளை நிறுத்தினான்.

"உங்க வீட்டு டிரம்மை ஏன்மா மூடி வெச்சிருக்கீங்க?"

உதயா கவுன் நுனியை எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்துக்கொண்டாள். கையில் ஏதோ அழுக்குப் போலிருக்கிறது. பிறகு கடகடவென்று ஒப்பித்தாள். "தொறந்திருந்தா கொசு முட்டை போடும். முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு. வாரத்துக்கு ஒருக்கா டிரம்மைத் தேய்ச்சுக் கழுவணும்."

அவனுடைய பாடம். ஒரு சொல் பிசகவில்லை.

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"சொல்லக் கூடாது!" என்று சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள்.

பிள்ளைகளிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறாள் கோமளா! பிரதீப்புக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"சாவியைக் குடுங்கக்கா."

"பக்காவா சொல்றேன் சார், நான் இல்ல. எம் புள்ள தலைமேல அடிச்சிச் சொல்றேன்." முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை நீட்டினாள். "ஜங்புராவுல வேல பாத்த வீட்டுல எல்லாம், இவ்ளோ தூரத்திலேருந்து எப்டி வருவேன்னு வேற ஆள வெச்சிக்கிட்டாங்க. இதுவும் போச்சின்னா நான் எங்க சார் போவேன்?"

சாவியை வாங்கிக்கொண்டான். வசமாக மாட்டிக்கொண்டது அவளா, தானா என்றே அவனுக்குப் புரியவில்லை. பேரைச் சொன்னால் அவள் அடுப்பு அணையும். சொல்லாவிட்டால் முனிர்கா வாடகை அறையைக் காலிசெய்துவிட்டு, ஆறு வருஷம் என்ன கிழித்தாய் என்று கேட்கப்போகும் அப்பா முன்னால் போய் நிற்க வேண்டும்.

போனை எடுத்து, 'கோமளா' என்று பேராசிரியருக்குத் தட்டினான். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் கீழேயிருந்து கூட்டமாகச் சத்தம் கேட்டது. "முட்டை! புழு! கூட்டுப்புழு! கொசு!"

இருவரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். படிக்கட்டுக்கு அடியில் பி பிளாக் பிள்ளைகள் வரிசையாகச் சம்மணம் போட்டிருந்தார்கள். முன் வரிசையில் உதயா. அவர்களுக்கு எதிரே, கம்பியை வளைத்துச் செய்த கண்ணாடியோடு நின்றிருந்தாள் மஹாலட்சுமி. ஏ பிளாக்கில் அவனிடம் படிப்பவள்.

டீச்சர் விளையாட்டு.

மஹாலட்சுமி கம்பிக் கண்ணாடியைக் கழற்றினாள். சட்டை நுனியில் துடைத்தாள். மாட்டிக்கொண்டு, பிரதீப்பின் குரலிலேயே கனைத்தாள். பிள்ளைகள் கப்சிப்.

"அச்சா, இன்னிக்குப் பாடம் அவ்ளோதான். நான் சொல்லிக் கொடுத்ததை பி பிளாக் பசங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாது, சரியா?"