விடுதிக்கு ஒரு கையெழுத்து

“நீல மையில போடுங்க டாக்டர். கறுப்புன்னா வார்டன் திருப்பி அனுப்பிடுவாரு.”

வெல்டர் விடுதிச் சேர்க்கைப் படிவத்தை மேசைமேல் நகர்த்தி வைத்தார். அவர் காலடியில் புத்தம் புதுப் பெட்டி ஒன்று. அதன்மேல் அவர் மகள் சிட்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது. இரண்டு கைகளையும் எதன்மீதும் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

டாக்டர் பேனாவைத் திறக்கவில்லை. அடங்காத பிள்ளைகளை அடக்கித் தருவதாகப் பேர் வாங்கிய விடுதி அது. அங்கிருந்து திரும்பிய ஒரு பையனின் மணிக்கட்டுத் தழும்பை அவள் பார்த்திருக்கிறாள்.

“ஏழு வயசுப் புள்ள, அப்படி என்ன கொலையா பண்ணிட்டா?”

“அது ஒண்ணுதான் பாக்கி. கையக் கழுவ ஆரம்பிச்சா தொட்டி காலி. வாசப்படி தாண்டணும்னா நெலைய இந்தப் பக்கம் தொடணும், அந்தப் பக்கம் தொடணும். ஒண்ணு தப்பிப்போச்சுன்னா மறுபடி மொதல்லேருந்து. இழுத்தா கடிக்கிறா.” வெல்டர் முன்னங்கையைத் திருப்பிக் காட்டினார். தீப்பொறி பட்ட பழைய வடுக்களுக்கு நடுவே சின்னப் பற்களின் தடம்.

“ஸ்கூல்ல என்ன சொல்றாங்க?”

“வீட்டுல செல்லம் ஜாஸ்தின்னு.”

டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எல்லாரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கிறது; கேள்வி கேட்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை. சிட்டுவின் அம்மா பக்கம் திரும்பினாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள், சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

“நீங்க சொல்லுங்கம்மா. பொறந்ததுலேருந்தே இப்படியா?”

“ஐயோ, இல்ல டாக்டர். சரியான வாயாடி. தெருவே இவ பேச்சக் கேட்டுச் சிரிக்கும். போன மாசம் ஒருநாள் காலையில தூங்கி எந்திரிச்சா, வேற புள்ளையா எந்திரிச்சா.”

“அடிச்சீங்களா?”

“இல்ல.” அவள் பார்வை தரைக்குப் போனது. “அடிச்சா இது நிக்காது டாக்டர்.”

“அதுக்கு முன்னாடி காய்ச்சல் ஏதாவது வந்துச்சா?”

“தொண்டை வலிக்குதுன்னா. ஒடம்பு சுட்டுச்சு. மருந்துக்கடையில கேட்டு மாத்திரை வாங்கிக் குடுத்தேன். சரியாப்போச்சு.”

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு டாக்டர்,” என்றார் வெல்டர்.

“பஸ் போனா போகட்டும்.” எழுந்து வந்து சிறுமியின் முன்னால் குந்தினாள். “யாருடி உனக்குச் சிட்டுன்னு பேர் வெச்சது? வாயத் தொறந்தா உள்ள காக்கா இருக்கும்போல இருக்கே?”

சிட்டு சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை, கண்கள்தான் படபடவென்று இமைத்தன. “இந்த மேசையத் தொட்டா அம்மா செத்துருவாங்க,” என்றாள் ரகசியம்போல. “பொய்யின்னு எனக்கே தெரியுது. ஆனா உள்ள சொல்லிக்கிட்டே இருக்கு.”

டாக்டர் பெட்டிமேல் உட்கார்ந்தபடியே வாயைத் திறக்கச் சொல்லி அவள் தொண்டையைப் பார்த்தாள். பஞ்சுக் குச்சியால் தடவியெடுத்துச் சோதனை அட்டையில் இட்டாள். சற்று நேரத்தில் இரண்டு கோடுகள் பளிச்சென்று எழும்பின.

“ஃபாரத்த நீங்களே வெச்சுக்குங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்,” என்றாள். “தொண்டையில ஒரு கிருமி இருக்கு. அத வெரட்டக் கிளம்புற ஒடம்பு, சில புள்ளைங்களுக்கு ஆள் அடையாளம் தெரியாம மூளையவே தாக்கிடுது. இவளுக்கு அதுதான்னு நெனைக்கிறேன். இது திமிரும் இல்ல, செல்லமும் இல்ல. வியாதி. மருந்து இன்னிக்கே ஆரம்பிப்போம். நரம்பு டாக்டர் ஒருத்தர்கிட்ட நான் பேசுறேன். உங்க பழைய வாயாடி திரும்பி வர நல்ல வாய்ப்பு இருக்கு.”

இருவரும் ஆறுதலாக மூச்சு விடுவார்கள் என்று எதிர்பார்த்தாள். வெல்டர் கல்லுப்போல நின்றார். அதுவே அவள் எரிச்சலைக் கிளப்பிவிட்டது.

“என்ன மனுஷங்க நீங்க? புள்ள கடிச்சாளாம், ஒடனே பெட்டி கட்டிட்டாராம்! அங்க என்ன வைத்தியம் பண்ணுவாங்கன்னு தெரியுமா? தண்ணிக் குழாயப் பூட்டிருவாங்க. கையக் கட்டிப்போட்டு மூலையில ஒக்கார வெப்பாங்க. புள்ள கெஞ்சும். வேணும்னு பண்ணலன்னு கத்தும். ஒருத்தன் நம்ப மாட்டான். பெத்தவங்களே நம்பல, அவன் எதுக்கு நம்பணும்? நல்ல வேளை, தப்பிச்சீங்க!”

அம்மா சுவரில் சாய்ந்தபடியே தரையில் சரிந்தாள். வெல்டர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். 

“அவனுக்கும்…” என்றாள் அம்மா. “அவனுக்கும் மொதல்ல தொண்டைதான் வலிச்சுது.”

டாக்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். “யாருக்கு?”

வெல்டர் மேசைமேல் கிடந்த படிவத்தைப் பார்த்தார். 

“இவ அண்ணனுக்கு டாக்டர். அவன அங்க விட்டு ரெண்டு வருஷமாச்சு.”