முழுச் சுமையில் நான்கு மணி நேரம்

"இதுவும் போச்சுன்னா ஷெட்டப் பூட்டிச் சாவிய ஒங்ககிட்டயே கொடுத்துருதேன், மேடம்" என்றார் சோதனைக்கூட முதலாளி கோமதிசங்கர்.

ஜெயசித்ராவுக்குப் பாவமாக இருந்தது. விமானம் செய்யும் பெங்களூர் கம்பெனி ஒன்றின் தரப் பரிசோதகர் அவள். பிறந்தது இந்தப் பக்கத்து ராயகிரி. சங்கரன்கோவிலுக்கு வெளியே, பருத்திக் காட்டுக்கு நடுவில் இப்படியொரு சோதனைக்கூடம் இருக்கிறது என்று சொன்னபோது ஆபீசில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அடக்கியே தீர வேண்டும் என்ற வீம்பு அவளுக்கும் இருந்தது.

எண்ணெய்க் குழாயும் காற்றுக் குழாயும் செய்துவந்த வேலைகளை மின்சாரத்திடம் ஒப்படைக்கும் புதுவகை விமானம் அது. பிரேக்கிலிருந்து பயணிகள் மூச்சுவிடும் காற்றுவரை எல்லாமே கரண்ட்தான். அதைத் தரும் ஜெனரேட்டரை வானத்தில் எஞ்சின் சுழற்றும். இங்கே கோமதிசங்கரின் ராட்சத மோட்டார் சுழற்ற வேண்டும். முழுச் சுமையில் ஜெனரேட்டர் நான்கு மணி நேரம் தாங்கினால் தேர்ச்சி. முதல் தடவை இரண்டாவது மணியிலேயே சூடேறிப் படுத்துவிட்டது. அடுத்த தடவை மூன்றே கால் மணி நேரம் தாங்கியது. இதுதான் கடைசி வாய்ப்பு. தேறாவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போய், இங்கே இருபது பேருக்கு வேலை போகும். தேறாததைத் தேறியதாக எழுதினால் நூற்றெண்பது பேருக்கு உயிரே போகலாம்.

காலை பத்து மணிக்கு ஜெயசித்ராவே கம்ப்யூட்டரில் பட்டனை அழுத்திச் சோதனையைத் தொடங்கிவைத்தாள். ஓடும்போது பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது என்பதால் மோட்டார் கொட்டகை காட்டின் மறுகோடியில் இருந்தது. இவர்கள் இருவரும் ஏசி அறையில், திரைக்கு முன்னால்.

மதியம் வந்த பிரியாணியைக் கோமதிசங்கர் தொடவே இல்லை. திரையைப் பார்க்கவும் பயந்தவர்போல் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"மூணே கால தாண்டிட்டு, அண்ணாச்சி" என்றாள் ஜெயசித்ரா. மேடம் என்ற பிடிவாதத்தை அவர் விடவில்லை. அவள்தான் ஊர்ப் பேச்சுக்கு இறங்கிவிட்டாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்குத் திரையில் பச்சை விளக்கு எரிந்தது. சூடு ஒரு டிகிரிகூட எல்லை தாண்டவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பெங்களூருக்குப் போன் போட்டுச் சொன்னாள். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. வீடியோவில் அவர்களுக்குக் காட்ட வேண்டும், இன்னும் அரை மணி நேரம் ஓடட்டும் என்று சொல்லிவிட்டு, அறிக்கையில் கையெழுத்துப் போட உட்கார்ந்தாள்.

கடைசிப் பக்கம் வந்தபோது கதவைத் தட்டிக்கொண்டு மின்வாரிய லைன்மேன் பொன்னுச்சாமி எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒங்க பெரிய மோட்டார் ஆஃப்லதான இருக்கு? லைன் கொடுக்கப் போறோம்."

கோமதிசங்கர் பதறி எழுந்தார். எந்த லைன் என்று கேட்டது ஜெயசித்ராதான்.

"இன்னைக்கு மாசாந்திர ஷட்டவுன்லா, மேடம். காலைல ஒம்பது மணில இருந்து மோட்டாருக்கு வார லைன்ல பொட்டுக் கரண்ட் கெடையாது. ஆபீசு சோலார்ல ஓடுதுல்லா, அதான் ஒங்களுக்குத் தெரியல."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். திரையில் ஜெனரேட்டர் முழுச் சுமையில் ஓடிக்கொண்டிருந்தது.