இரண்டாவது ஆமென்

“நீ லீவு போடாதடா. அக்கா பக்கத்துலயே இருக்கா” என்பாள் அம்மா, ஒவ்வொரு கீமோ நாளிலும்.

எனக்கு அது போதும். அலுவலக மாடிப்படியில் நின்றபடி போனிலேயே ஜெபம் செய்வேன். முடித்ததும் அம்மா “ஆமென்” என்பாள். கொஞ்சம் தள்ளி, மெல்லிய குரலில் இன்னொரு “ஆமென்” கேட்கும். எனக்கும் அக்காவுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் தெம்பாக இருக்கும்.

ஆறாவது கீமோவும் முடிந்தது. வீம்பை விட்டுவிட்டு நானே அக்காவுக்கு போன் செய்தேன்.

“மன்னிச்சிடுக்கா. ஆறு தடவையும் நீ ஒருத்தியே அம்மாகூட இருந்து பார்த்துக்கிட்ட.”



“என்னடா சொல்ற? கூட இருந்தது நீதானே? ‘தம்பி இருக்கான், நீ பிள்ளைங்களைப் பாரு’ன்னு அம்மா சொன்னாங்களே. நான் போன்ல ஜெபம் பண்ணி முடிச்சதும் நீ ஆமென் சொல்றதுகூடக் கேட்குமே.”

“என் குரலா?”

“ஆமா. சளி பிடிச்ச மாதிரி, கொஞ்சம் கட்டையா.”

ஆறு முறையும் எங்கள் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அம்மாவேதான் ஆமென் சொல்லியிருக்கிறாள், தனியாக.